நாத்தனார் மகனோடு நான்கு நாள் கொடைக்கானல்: வரம்பை யார் சொல்வது, எப்போது சொல்வது

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். மே மாதம் நான்கு நாள் கொடைக்கானல் போகிறீர்கள். நீங்கள், கணவர், 16 வயது மகள், 11 வயது மகன், மாமியார். கூடவே கணவரின் அக்கா மகன்; 19 வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. போன வருடம் ஏற்காட்டில் அவன் வாடகைக்கு பைக் எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய் இரவு 11 மணிக்குத் திரும்பினான். அவன் வரவழைத்த சாப்பாடெல்லாம் உங்கள் அறை பில்லில் ஏறியது. ஓயாமல் கார் சாவியைக் கேட்டான். "நாத்தனார் மனம் கோணாமல் அவனைக் கட்டுப்பாட்டில் வைப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது பையனைப் பற்றிய கேள்வி. ஆனால் "நான் சொன்னால் தப்பாகிவிடும்" என்று அதற்குள்ளேயே மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. யார் வாயால், எந்த நேரத்தில் சொல்வது என்பதுதான் உங்கள் தயக்கம்.

குடும்ப ஆலோசனையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது எது, என் கணிப்பு மட்டும் எது என்று அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன். சட்ட விஷயங்களைப் பொதுவாகத்தான் தொடுவேன். ஏதாவது நடந்துவிட்டால் வழக்கறிஞரிடம் கேட்பதற்கு இது மாற்று இல்லை.

முதலில் யார் சொல்வது என்பது. உங்கள் கணவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் அந்தப் பையனுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர், நாளை அவன் கல்யாணத்தில் சீர் கொண்டுபோகப் போகிறவர். நம் குடும்பங்களில் அக்கா பிள்ளையைக் கண்டிக்கும் உரிமை தாய்மாமனுக்குக் கேட்காமலே உண்டு. அதே சொல்லை நீங்கள் சொன்னால் "வந்தவள் என் பிள்ளையைச் சொல்லிவிட்டாள்" என்று ஆகும். அவர் சொன்னால் "மாமன் சொன்னான், சரிதான்" என்று போகும். இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை. ஆனால் நான்கு நாள் பயணத்துக்குள் அதைத் திருத்தி முடிக்க முடியாது. இதிலுள்ள சிக்கல் வேறு: பல கணவர்கள் "நீயே பக்குவமா சொல்லிடு" என்று நழுவிவிடுவார்கள். தாய்மாமன் என்றால் கொடுக்கிறவர் என்றே பழகிவிட்டதால், மறுத்துப் பேச அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஆகவே பையனிடம் பேசுவதற்கு முன்பு உங்கள் இருவருக்குள்ளும் பேச்சு முடிந்திருக்க வேண்டும். "நீங்க பேசலைன்னா நான் பேசுவேன், நான் பேசினா அது வேற மாதிரி போகும்" என்று அவரிடம் வெளிப்படையாகவே சொல்லலாம்.

அந்தப் பேச்சில் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதையெல்லாம் விட்டுவிடுவது என்பதைத்தான். காலை பத்து மணிவரை தூங்குவது, சாப்பாட்டு மேசையில் போனைப் பார்ப்பது, பூங்காவுக்கு வரமாட்டேன் என்று அறையிலேயே கிடப்பது, கிழிந்த மாதிரி பேண்ட் போடுவது, பாட்டியோடு கோயிலுக்கு வராமல் இருப்பது. இவற்றை எல்லாம் விட்டுவிடுங்கள். எரிச்சல் வரும், ஆபத்து வராது. 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 முடிந்தவன் முழு ஆள். விடுமுறையில் அவன் எப்போது எழுந்திருக்கிறான் என்பது அவன் பாடு. உயிர், சட்டம், உங்கள் பிள்ளைகள், உங்கள் பணம் ஆகிய நான்கில் ஒன்றையாவது தொடும் விஷயங்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஐந்தைத் தாண்டாது. பன்னிரண்டு விதி போட்டால் அவன் பன்னிரண்டையும் ஒரே எடையில் தூக்கி ஓரமாக வைத்துவிடுவான்.

இன்னொரு சோதனையும் வையுங்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே, "அவன் மீறினால் இரவு பதினொரு மணிக்கு மலை மேல் நாம் என்ன செய்வோம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத விதியைக் கிழித்துப் போடுங்கள். "குடிக்கக் கூடாது" என்பது அவன் கையில் இருப்பது. "குடித்துவிட்டு வந்தால் எங்கள் காரில் ஏற்ற மாட்டோம், மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்கு அனுப்பிவிடுவோம்" என்பது உங்கள் கையில் இருப்பது. வரம்பு என்பது உங்கள் கையில் இருப்பதைச் சொல்வதுதான். அவன் குணத்தைத் திருத்தும் வேலை உங்களுடையது அல்ல, நான்கு நாளில் அது நடக்கவும் நடக்காது.

அடுத்து, கணவர் அவருடைய அக்காவிடம் பேச வேண்டும். அனுமதி கேட்பதற்காக அல்ல, தகவல் சொல்வதற்காக. இப்படிப் பேசலாம்: "அக்கா, இந்தத் தடவையும் தம்பியைக் கூட்டிட்டுப் போறோம். போன வருஷம் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஆளைக் காணோம்னு எல்லாரும் பதறிட்டோம். அதனால ரெண்டு மூணு விஷயம் அவன்கிட்ட நானே நேரா பேசிக்கிறேன். உனக்கு முன்கூட்டியே தெரியணும்னு சொல்றேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்." கடைசி வரி முக்கியம். அக்காவைத் தூது அனுப்பினால் செய்தி போகும் வழியிலேயே உருமாறிவிடும். "அத்தை உன்னைப் பத்தி இப்படிச் சொல்றா, பாத்து நடந்துக்க" என்றுதான் அது அவன் காதில் விழும். அதோடு, 19 வயதுக்காரனிடம் அம்மா வழியாகப் பேசுவது, நீ இன்னும் குழந்தை என்று சொல்வதற்குச் சமம். குழந்தை என்று சொல்லிவிட்டுப் பெரியவனைப் போல நடந்துகொள் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

பையனிடம் பேசுவது பயணத்துக்கு ஒரு வாரமாவது முன்னால் இருக்கட்டும். காரில் ஏறிய பிறகு வேண்டாம்; வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியபின் நிச்சயம் வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் சொன்னால் அவனுக்கு அவமானம் மட்டுமே மிஞ்சும், விஷயம் ஏறாது. நேரில் முடியாவிட்டால் போனில் பதினைந்து நிமிடம் போதும். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பாதீர்கள். அது ஸ்கிரீன்ஷாட்டாகி அவன் அம்மாவிடமும் சித்தியிடமும் சுற்றும், தொனி போய்விடும், எழுத்து மட்டும் நிற்கும்.

ஒரு மாதிரி சொல்கிறேன்: "மாப்ள, நீ வர்றது எங்களுக்குச் சந்தோஷம். உனக்கு எங்க கூடவே நாலு நாளும் ஒட்டிக்கிட்டு இருக்கறது போரடிக்கும்னு எனக்குத் தெரியும். தனியா சுத்தணும்னு தோணும், அதுல தப்பில்ல. ஆனா அங்க உனக்கு ஒண்ணு ஆனா உங்கம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதனால அஞ்சு விஷயம் சொல்றேன். சரிப்பட்டு வரும்னா வா. இல்லைன்னா இப்பவே சொல்லிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன்." பிறகு ஐந்தையும் சொல்லிவிட்டு, "உனக்கு என்ன வேணும்? எதுக்காவது தனியா நேரம் வேணுமா?" என்று கேட்க வேண்டும். அவன் ஒன்று கேட்டு நீங்கள் ஒன்று விட்டுக்கொடுத்தால்தான் அது பேச்சுவார்த்தை. இல்லாவிட்டால் வெறும் சுற்றறிக்கை.

ஆசையை ஒப்புக்கொண்டு, காரணத்தைச் சொல்லி, அதன்பின் வரம்பைச் சொல்வது ஏன் என்பதற்கு ஆய்வு அடிப்படை உண்டு. 1984இல் ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் ஆகியோர் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஓவியம் வரையும் பள்ளிச் சிறுவர்களிடம் ஒரே விதியை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். பெயிண்டைச் சிந்தாமல் வரைய வேண்டும் என்பதுதான் விதி. அதிகாரமாகச் சொன்ன குழுவுக்கு ஓவியத்தில் ஆர்வம் குறைந்தது. "சிந்தி விளையாட ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இந்தப் பொருள்கள் மற்றவர்களுக்கும் வேண்டும்" என்கிற தொனியில் கேட்ட குழுவுக்குக் குறையவில்லை. அவர்கள் ஆறேழு வயதுப் பிள்ளைகள். 19 வயதுக்காரனுக்கும் அப்படியே பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் நடைமுறையில் பொருந்துகிறது என்பது என் கணிப்பு.

இதேபோல "25 வயது வரைக்கும் மூளை வளராது, அவங்க அப்படித்தான்" என்று சொல்லி எல்லாவற்றையும் மன்னித்துவிடும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. மூளையின் சில பகுதிகள் இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டிருக்கின்றன என்பது உண்மை. அதை வைத்து ஒரு குறிப்பிட்ட பையன் பொறுப்பாக இருக்க முடியாது என்று சொல்வது பிழை. எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகப் படுவது 2005இல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்து, தனியாகவும் நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் விளையாட வைத்தார்கள். நண்பர்கள் இருந்தபோது துணிச்சல் கூடியது. பெரியவர்களைவிடப் பதின்ம வயதினரிடமும் 18 முதல் 22 வயதினரிடமும் அந்த ஏற்றம் அதிகமாக இருந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: அவன் தனியாக ஏரியைச் சுற்றப் போனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். "பசங்க நாலு பேர் பைக்ல வர்றாங்க, அங்க பாத்துக்கறோம்" என்றால் கவனியுங்கள். ஊர் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்: உன் நண்பர்கள் யாராவது அதே தேதியில் அங்கே வருகிறார்களா? வந்தால் பகலில் பார்த்துக்கொள்ளலாம், நம் விடுதி அறைக்கு அழைத்து வரக் கூடாது என்பது நியாயமான விதி. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025இலோ கோடைக் காலத்துக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். நண்பர்கள் பாஸ் இல்லாமல் வந்து வழியில் மாட்டிக்கொண்டு, "மாமா, நீங்க வந்து பேசுங்க" என்று அழைப்பு வருவதற்கு முன்னால் இதையும் அவன் காதில் போட்டுவையுங்கள்.

இனி அந்த ஐந்து விஷயங்கள்: வண்டி, வெளியே போய்வருவது, போதை, உங்கள் மகளின் படம், பணம். முதலில் கார் சாவி. இதில் கெஞ்சல், கொஞ்சல், "ரெண்டே கிலோமீட்டர் மாமா" எதற்கும் இடம் வைக்காதீர்கள். முதலில் அவனிடம் இருப்பது ஓட்டுநர் உரிமமா, எல்.எல்.ஆரா (பழகுநர் உரிமம்) என்று கேளுங்கள். எல்.எல்.ஆர். என்றால் உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் எல் பலகை வேண்டும். உரிமம் இல்லாதவரை ஓட்ட விட்டால் ஓட்டியவர் மேல் மட்டுமல்ல, மோட்டார் வாகனச் சட்டம் 180ஆம் பிரிவின்படி வண்டியின் உரிமையாளர் மேலும் குற்றம் வரும்: மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். விபத்தானால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் மறுக்கப்படவும் அதுவே காரணமாகும். முழு உரிமமே இருந்தாலும், சமவெளியில் ஆறு மாதம் ஓட்டியவனுக்கு மலைப்பாதை வேறு. இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜின் இழுவையில் இறங்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற வழக்கம் பலருக்குத் தெரியாது. மாலையில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. "உன்னை நம்பலைன்னு இல்ல, இந்த ரோட்டை நம்பலை. ஊருக்கு வந்து ஞாயித்துக்கிழமை காலைல நானே உன்னைப் பக்கத்துல வெச்சு ஓட்டச் சொல்றேன்" என்று கணவர் சொல்லலாம். சொன்னால் அதைச் செய்யவும் வேண்டும்.

வாடகை பைக், ஸ்கூட்டருக்கும் இதே கவனம். முறைப்படி வாடகைக்கு விடும் வண்டியின் நம்பர் பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கும். வெள்ளைப் பலகை வண்டி என்றால் யாரோ சொந்த வண்டியை வாடகைக்கு விடுகிறார்கள், விபத்து நடந்தால் இழுபறிதான். அவனுக்கு உரிமம் இருந்து, பகலில், இருவருக்கும் ஹெல்மெட்டோடு எடுத்தால் எடுக்கட்டும். இங்கே நீங்கள் எழுதாத ஒன்றை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் இது எளிதில் நடக்கும்: "நீயும் ஓட்டிப் பாரு" என்று உங்கள் 16 வயது மகளிடம் வண்டியைக் கொடுப்பது. சிறார் ஓட்டிப் பிடிபட்டால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பெண்ணுக்கு 25 வயது ஆகும்வரை உரிமம் கிடையாது. 16 வயதில் உரிமம் பெற்று ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கூட்டர்கள் அந்த வகை அல்ல. இதை அவனுக்கும் சொல்லுங்கள், உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள்.

வெளியே போய்வருவதில் தாராளமாக இருங்கள். ஐந்து விதிகளில் அவனுக்கு மூச்சு விட இடம் தருவது இதுதான். கொடைக்கானல் ஏரியைச் சுற்றினால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், வாடகை சைக்கிள் கிடைக்கும், காலை ஆறு மணிக்கே நடமாட்டம் இருக்கும். கோக்கர்ஸ் வாக் என்ற மலையோர நடைபாதையும் பக்கம்தான். இவற்றுக்கெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று வையுங்கள். "கேட்பது" வேறு, "சொல்வது" வேறு. 19 வயதில் முதலாவது உறுத்தும், இரண்டாவது உறுத்தாது. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்ற மூன்றும் ஒரு செய்தியாகக் கணவருக்கு வர வேண்டும். இருட்டுவதற்கு முன், ஏழு மணிக்குள், அறைக்குத் திரும்ப வேண்டும். டால்பின்ஸ் நோஸ் போன்ற பாறை முனைகளில் வேலிக்கோ எச்சரிக்கைப் பலகைக்கோ அப்பால் போகக் கூடாது. புகைப்படத்துக்காகக் காலை வைக்கும் இடத்தில் பாசி இருக்கும், மழை பெய்திருந்தால் சொல்லவே வேண்டாம். அருவிப் பாறையும் அப்படித்தான்.

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று பகிரலாம். அவன் தனியாகப் போகும்போது மட்டும், அவனே விரும்பிப் போட்டால் நல்லது. நாள் முழுக்கப் போடச் சொன்னால் அது உளவு. மலையில் பல இடங்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது. சிக்னல் இல்லாமல் தாமதமாவதும், போனை எடுக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. அதனால் முன்பே பேசி வையுங்கள்: சொன்ன நேரத்தைத் தாண்டி அரை மணி ஆனால் நாங்கள் அழைப்போம், ஒரு மணி ஆனால் கூடப் போன நண்பனையும் விடுதி ரிசப்ஷனையும் கேட்போம், இரண்டு மணி நேரம் தகவலே இல்லை என்றால் 112க்கு அழைத்துவிடுவோம். இதைக் கேட்டால் அவனே அரை மணிக்குள் ஒரு செய்தி போடப் பார்ப்பான். பவர் பேங்க் ஒன்றை நீங்களே கொடுத்தனுப்புங்கள். "சார்ஜ் தீர்ந்துடுச்சு" என்ற காரணம் எழாது.

மது, புகை, போதை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்கக் கூடாது. அவனுக்கு 19. ஆகவே இது உங்கள் விருப்பு வெறுப்பு இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: உங்கள் கணவர் அந்த நான்கு நாளில் இரவில் ஒரு பீர் குடிப்பவரா? குடித்தால் இந்த விதியை அவர் வாயால் சொல்லவே முடியாது. அந்த நான்கு நாள் அவரும் விட்டுவிடுவது நல்லது. சிகரெட் அவன் பிடிப்பவனாக இருந்தால் அதை நான்கு நாளில் நிறுத்தப் போவதில்லை. அறையிலும் காரிலும் பிள்ளைகள் முன்னாலும் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. இ-சிகரெட் 2019 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது, அதைப் பையில் கொண்டுவரவே கூடாது. கொடைக்கானலுக்கென்றே சொல்ல வேண்டியது போதைக் காளான். கல்லூரிப் பிள்ளைகளிடையே அது ஏதோ மலைப் பிரசாதம் மாதிரி பேசப்படுகிறது. "இயற்கையா முளைக்கறதுதானே" என்பார்கள். அதிலுள்ள சிலோசைபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் பொருள். கையில் வைத்திருப்பதே குற்றம். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, தெரிந்தே தன் அறையையோ வண்டியையோ இதற்குப் பயன்படுத்த விடுபவரையும் பிடிக்கும். இந்த ஒன்றில் மட்டும் முதல் தடவை, இரண்டாம் தடவை என்ற பேச்சே கிடையாது என்று அவனிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் சொல்லியும் ஓர் இரவு அவன் குடித்துவிட்டு வந்து நின்றால், அப்போது அறிவுரை வேண்டாம். ஏறாது, சண்டையாக மாறும், பக்கத்து அறை விழித்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்கப் படுக்க விடாதீர்கள்; வாந்தி மூச்சுக்குழாயில் போகும். தனியாக விடாதீர்கள். கூப்பிட்டு உலுக்கியும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, உதடு நீலமாகத் தெரிகிறது, உடல் சில்லிட்டிருக்கிறது என்றால் 108. குளிருக்கு மது இதம் என்பது தவறு. தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து சூடு இருப்பதுபோல் தோன்றும், உடலோ உள்சூட்டை இழந்துகொண்டிருக்கும். காளான் தின்றுவிட்டுப் பயந்து உளறினாலும், எதைத் தின்றான் என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குடும்ப மானம் அந்த நேரத்துக் கவலை இல்லை.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்: "மாமியார் ரெண்டு பேரையும் சேர்த்து வைத்துக் கேலி செய்வார்." என்னைக் கேட்டால் கார் சாவியைவிட இது பெரியது. அவன் அவளுக்கு அத்தை மகன், முறைப் பையன். மாமன் மருமகனை "மாப்ள" என்று கூப்பிடுவது நம் வழக்கு, அதில் தப்பில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பாட்டி "உன் மாப்பிள்ளைக்கு நீயே பரிமாறு" என்று தொடங்கினால், 16 வயதுப் பெண் அந்த நான்கு நாளும் எங்கே உட்கார்வது, யாரோடு படம் எடுப்பது என்று கூசிக்கொண்டே இருப்பாள். பையனுக்கும் அது சங்கடம். அவன் மனதில் யாராவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைவிட மோசம், அந்தக் கேலி ஒருவித உரிமையை அவன் கையில் கொடுத்ததுபோல் ஆகிவிடும். மாமியாரிடம் கணவர் தனியாகப் பேச வேண்டும்: "அம்மா, அவ படிக்கிற பொண்ணு. இந்த மாதிரி பேச்சு இனிமே வேண்டாம். அவ மூஞ்சி சுருங்கறதை நீயே பாத்திருக்க." மலை மேல் மறந்துபோய் அவர் மறுபடி தொடங்கினால், கணவர் அந்த இடத்திலேயே பேச்சை மாற்ற வேண்டும், சிரித்துக்கொண்டு கடந்துபோகக் கூடாது.

மகளிடம் நீங்கள் பேசுங்கள். அவனைப் பற்றிப் பயமுறுத்த வேண்டாம், அவன் மேல் பழி போடும்படி எதுவும் நடக்கவில்லை. யாருடைய பேச்சோ தொடுதலோ பிடிக்கவில்லை என்றால் உடனே என்னிடம் வந்து சொல், யார் கோபித்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவள் படத்தை அவளைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது என்பதை அவனிடம் சொல்லும் ஐந்தில் ஒன்றாகச் சேருங்கள். அறைப் பிரிவினை எளிது. கூடுதல் கட்டிலோடு இரண்டு அறை போதும்: பெண்கள் மூவர் ஒன்றில், கணவரும் மகனும் மருமகனும் மற்றதில். அவனுக்கென்று தனி அறை எடுப்பது மரியாதைதானே என்று சிலர் கேட்பார்கள். போன வருட அனுபவத்துக்குப் பிறகு இந்த முறை வேண்டாம் என்பது என் கணிப்பு, அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்றில் மட்டும் நீங்களும் கவனமாக இருங்கள். "நீ தம்பியைப் பாத்துக்க, நாங்க வந்துடறோம்" என்று 11 வயதுப் பையனை அவன் தலையில் கட்டாதீர்கள். விருந்தாளியாக வந்தவனை ஆயாவாக்கிவிட்டு அவனிடம் ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

பணம் பற்றிச் சுருக்கமாக. சேர்ந்து சாப்பிடுவது, நுழைவுச் சீட்டு, பெட்ரோல், அறை உங்கள் செலவு. தனியாக வாங்குவது, வாடகை வண்டி, நண்பர்களோடு சாப்பிடுவது அவன் செலவு. இதை முன்பே சொல்லிவிட்டு, அறை எடுக்கும்போது ரிசப்ஷனில் "ரூம் சர்வீஸை பில்லில் ஏற்ற வேண்டாம், அப்போதைக்கு அப்போது பணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் முடிந்தது. தாய்மாமன் என்ற முறையில் ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் கிளம்பும் அன்றே ஒரு தொகையாகக் கொடுத்துவிடட்டும். கேட்கக் கேட்கக் கொடுப்பதுதான் மனக்கசப்பை வளர்க்கிறது. அடையாள அட்டையை அசலாக எடுத்துவரச் சொல்லுங்கள், விடுதியில் கேட்பார்கள்.

மீறினால் என்ன செய்வது? முதல் தடவை, மறுநாள் காலை கணவர் அவனைத் தேநீர் குடிக்க அழைத்துக்கொண்டு போய்த் தனியாகப் பேச வேண்டும். உங்கள் பிள்ளைகள், பாட்டி முன்னால் ஒரு வார்த்தை கூடாது. "ஏழு மணின்னு பேசினோம், ஒன்பதரைக்கு வந்தே. என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு அவன் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். பஸ் வராமல் போயிருக்கலாம். இரண்டாம் தடவை என்றால், மீதி நாள் தனியாகப் போவது இல்லை, எங்களோடுதான். அதுவும் முடியாது என்றால் ஊருக்கு அனுப்புவது. அனுப்புவதாக இருந்தால் பகலில் மட்டும். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் உண்டு. கணவரே நிலையத்துக்குப் போய் ஏற்றிவிட்டு, அவன் எதிரிலேயே அக்காவுக்கு போன் செய்து, எத்தனை மணி பஸ், எப்போது இறங்குவான் என்று சொல்ல வேண்டும். இரவில் கோபத்தில் "கிளம்புடா" என்று சொல்வது அவனுடைய எந்த மீறலையும்விடப் பெரிய தவறு. அப்புறம் ஏதாவது நடந்தால் குற்றவாளி நீங்கள்தான்.

இவ்வளவும் அக்காவிடம் சொன்ன பிறகு அவர், "என் பிள்ளைக்கு இத்தனை கண்டிஷனா? அப்படி ஒண்ணும் அவன் வர வேண்டாம்" என்று சொல்லக்கூடும். அப்போது கணவர் அவசரப்பட்டு விதிகளைத் திரும்பப் பெறாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. "சரிக்கா, உன் இஷ்டம். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. வர்றதா இருந்தா பத்தாம் தேதிக்குள்ள சொல்லு, ரூம் போடணும்" என்று தேதி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடட்டும். கோபம் ஒரு வாரம் இருக்கும். உங்களிடம் அவர் நேரடியாக போன் செய்து கேட்டால், "அண்ணி, அவங்க ரெண்டு பேரும் மாமனும் மருமகனும் பேசிக்கிட்டது, எனக்கும் அதுல சம்மதம்தான்" என்று சொல்லுங்கள். "எனக்குத் தெரியாது, எல்லாம் அவர்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய், பொய் என்று அவருக்கும் தெரியும், உங்கள் கணவரையும் தனியாக நிறுத்திவிடும்.